காணாமல் போன ஒன்றேகால் மணி நேரம்: பில்லி வைல்டரின் ஷெர்லக் ஹோம்ஸ் படத்தை வீட்டில் முழுமையாகப் பார்க்க ஒரு வழிகாட்டி

1970-ல் வெளியான 'தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லக் ஹோம்ஸ்' 125 நிமிடப் படம். இயக்குநர் பில்லி வைல்டர் எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்தபோது அது ஏறக்குறைய மூன்று மணி இருபது நிமிடம் ஓடியது. திரைக்கு வருவதற்கு முன்பே ஒன்றேகால் மணி நேரம் வெட்டப்பட்டது. வெட்டியதை யாரும் பத்திரமாக எடுத்து வைக்கவில்லை. முழுப் படம் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் எல்லாமே அழிந்துவிடவும் இல்லை. ஒரு அத்தியாயத்தின் ஒலி மட்டும் கிடைத்திருக்கிறது. இன்னொன்றின் படம் மட்டும் கிடைத்திருக்கிறது. சில காட்சிகள் திரைக்கதைப் பக்கங்களாகவும் புகைப்படங்களாகவும் இருக்கின்றன. இவை ரசிகர்களுக்கு வந்து சேர்ந்தது தியேட்டர் வழியாக அல்ல, லேசர்டிஸ்க், டிவிடி, புளூ-ரே என்று வீட்டு வீடியோ வழியாகத்தான். அதனால் இந்தப் படத்தைப் பொறுத்தவரை ரெஸ்டோரேஷன் என்பது லேபில் முடிந்துபோகிற வேலை இல்லை. கடைசிப் பகுதியைப் பார்க்கிற நாம்தான் செய்யவேண்டும். எந்த டிஸ்க் வாங்குவது, டிவியை எப்படி வைப்பது, எஞ்சிய துண்டுகளை எந்த இடத்தில் பொருத்திப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கதையின் முக்கிய முடிச்சை எங்கும் அவிழ்க்கவில்லை. படத்தையே பார்க்காதவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

படி 1: எது காணாமல் போனது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வைல்டரும் அவருடைய நெடுநாள் எழுத்துக் கூட்டாளி ஐ. ஏ. எல். டயமண்டும் ஒரே வழக்கைச் சொல்லும் படமாக இதை எழுதவில்லை. டாக்டர் வாட்சன் வெளியிட விரும்பாமல் ஒரு வங்கியில் பூட்டி வைத்த பெட்டி, அவர் இறந்து 50 ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு வழக்காக வெளிவருகிறது. நான்கு பெரிய அத்தியாயங்கள், ஒரு முன்கதை, ஒரு பின்கதை. இடைவேளையோடு, முன்பதிவு டிக்கெட்டோடு பெரிய தியேட்டர்களில் 'ரோட்ஷோ' முறையில் ஓட்டவேண்டிய படமாகத்தான் அது திட்டமிடப்பட்டது.

1965-ல் அந்த முறைக்கு நல்ல காலம். அடுத்த நான்கைந்து வருடத்தில் மூன்று மணி நேரப் படங்கள் வரிசையாகக் கையைச் சுட்டன. வைல்டரின் படம் தயாராகி நின்றபோது வெளியீட்டு நிறுவனமான யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் சுருக்கச் சொன்னது. எடிட்டர் எர்னெஸ்ட் வால்டர் சுருக்கிக் கொடுத்தார்.

போனவை இவை. நவீன லண்டனில் வாட்சனின் பேரன் அந்த வங்கிக்கு வந்து பெட்டியைப் பெற்றுக்கொள்ளும் முன்கதை. அந்தப் பேரனாகவும் வாட்சனாக நடித்த காலின் பிளேக்லியே நடித்தார். அடுத்து, மேசை நாற்காலி எல்லாம் கூரையில் தலைகீழாக இருக்கும் ஓர் அறை, அதில் ஒரு பிணம் என்று தொடங்கும் 'தலைகீழ் அறை' வழக்கு. பிறகு கப்பலில் நடக்கும் 'நிர்வாணத் தேனிலவுத் தம்பதி' வழக்கு. இதில் துப்பறிய முன்வருகிறவர் வாட்சன். ஸ்காட்லாந்து போகும் ரயிலில் ஹோம்ஸ் தன் ஆக்ஸ்ஃபோர்டு மாணவப் பருவத்தை நினைவுகூரும் காட்சி. கடைசியாக, ஜாக் த ரிப்பர் செய்த ஒயிட்சேப்பல் கொலைகளைத் துப்பறிய ஹோம்ஸின் உதவி கேட்டு இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட், ஹோம்ஸ் வசிக்கும் பேக்கர் தெருவுக்கு வரும் பின்கதை.

மிஞ்சியவை இரண்டே அத்தியாயங்கள். ரஷ்ய பாலே நடனக்காரியின் விசித்திரமான வேண்டுகோள் ஒன்று. தேம்ஸ் நதியிலிருந்து காப்பாற்றப்பட்டு, நினைவு தப்பிய நிலையில் பேக்கர் தெருவுக்குக் கொண்டுவரப்படும் பெல்ஜியப் பெண்ணின் கதை இன்னொன்று. முதலாவது சிறியது, இரண்டாவது நீளமானது. இன்று படம் பார்க்கிறவர்களில் பலர் 'முன்பாதியும் பின்பாதியும் ஒட்டவில்லையே' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். நான்கு கால் மேசையில் இரண்டு காலை எடுத்துவிட்டார்கள்.

படி 2: எஞ்சியது எந்த வடிவில் இருக்கிறது

அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் காட்சி கேமராவின் நெகட்டிவில் பதியும், பேச்சு தனியாகக் காந்த நாடாவில் பதியும். எடிட்டிங் மேசையிலும் படச் சுருள் வேறு, ஒலிச் சுருள் வேறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டித்தான் வேலை செய்வார்கள். ஒரே பிரிண்டில் இரண்டும் சேர்வது கடைசிக் கட்டத்தில்தான். ஆகவே ஒரு காட்சியை வெட்டித் தள்ளினால், அதன் படமும் ஒலியும் வேறு வேறு டப்பாக்களில், சில சமயம் வேறு வேறு கட்டடங்களில் போய் உட்கார்ந்துவிடும். ஒன்று பிழைத்து மற்றது அழிய இது போதும்.

இந்தப் படத்தில் நடந்ததும் அதுவே. 'தலைகீழ் அறை'க்கு ஒலி இருக்கிறது, ஓடும் படம் இல்லை. 'தேனிலவுத் தம்பதி'க்குப் படம் இருக்கிறது, ஒலி இல்லை. ஒன்றில் நடிகர்களின் குரல் மட்டும், மற்றதில் முகம் மட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது ஒரு படத்தை இழப்பது என்றால் என்ன என்று மனதில் தைக்கிறது. வேறு எந்தப் பழைய படத்தின் டிஸ்கிலும் எனக்கு இந்த அனுபவம் கிடைத்ததில்லை.

இவற்றை 1990-களில் வந்த லேசர்டிஸ்க் பதிப்பு முதலில் ரசிகர்களிடம் சேர்த்தது. 2003-ல் எம்ஜிஎம் டிவிடி வந்தது. அமெரிக்காவில் கினோ லார்பர் 2014-லும், பிரிட்டனில் யுரேகாவின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா' வரிசை 2018-லும் புளூ-ரே கொண்டுவந்தன. விடுபட்ட வழக்குகளைத் தொகுத்து இந்த டிஸ்க்குகள் தருகின்றன. ஒலி இருக்கும் இடத்தில் புகைப்படமும் திரைக்கதைப் பக்கமும் ஓடும். படம் இருக்கும் இடத்தில் வசனம் எழுத்தாக வரும். எதுவுமே இல்லாத இடத்தில் வெறும் பக்கங்கள்.

இந்த அணுகுமுறையை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். வேறு நடிகர்களை வைத்து டப்பிங் பேசவைத்து, 'இதோ முழுப் படம்' என்று விற்றிருக்கலாம். செய்யவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டுகிறார்கள்.

படி 3: டிஸ்க் வாங்குமுன் மண்டலத்தைப் பாருங்கள்

நம்மில் பலர் பணத்தை வீணடிக்கும் இடம் இது. புளூ-ரே டிஸ்க்குகளுக்கு ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்கள். இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா எல்லாம் ஏ. பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகள், ஆஸ்திரேலியா பி.

கினோவின் டிஸ்க் ஏ மண்டலத்துக்கானது, யுரேகாவின் டிஸ்க் பி மண்டலத்துக்கானது. அதாவது சிங்கப்பூரில், டொராண்டோவில் இருக்கும் நண்பர்கள் அமெரிக்கப் பதிப்பை வாங்கலாம். லண்டனில், துபாயில் இருப்பவர்கள் பிரிட்டன் பதிப்பை வாங்கலாம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால் இரண்டுமே நம் ஊர்ப் பிளேயரில் ஓடாமல் போகலாம். எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய பிளேயர் வேண்டும். பிளேயர் வைத்திருக்கும் நண்பரிடம் முதலில் கேளுங்கள், டிஸ்க்கை அப்புறம் வாங்குங்கள். 4கே யுஎச்டி டிஸ்க்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு மண்டலப் பூட்டு கிடையாது.

பழைய டிவிடிதான் கைக்குக் கிடைக்கிறது என்றால் ஓட்ட நேரத்தைப் பாருங்கள். உறையில் 120 நிமிடம் என்று போட்டிருந்தால் பதற வேண்டாம், மேலும் ஐந்து நிமிடத்தை யாரும் வெட்டவில்லை. ஐரோப்பிய 'பால்' முறையில் நொடிக்கு 24 பிரேம் படத்தை 25 பிரேமாக ஓட்டுவார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக முடியும். ஆனால் கூடவே, தனியாகச் சரிசெய்யாவிட்டால், ஒலியின் சுருதியும் ஏறக்குறைய முக்கால் அரைசுரம் உயரும். மற்ற படங்களில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வயலின் கச்சேரியையே (வயலினுக்கும் வாத்தியக் குழுவுக்கும் எழுதிய 'கான்செர்ட்டோ') முதுகெலும்பாகக் கொண்ட இந்தப் படத்தில் பொறுக்க முடியாது. 24 பிரேமில் ஓடும் புளூ-ரே வாங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாங்குமுன் இரண்டு விஷயம் உறுதிப்படுத்துங்கள்: விடுபட்ட வழக்குகள் டிஸ்கில் இருக்கின்றனவா, ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா. ரஷ்ய உச்சரிப்பும் ஸ்காட்லாந்து உச்சரிப்பும் கலந்த படம் இது. சப்டைட்டில் இல்லாமல் பாதி நகைச்சுவை கைநழுவிப் போகும். ஸ்ட்ரீமிங்கில் படம் கிடைத்தாலும் பெரும்பாலும் 125 நிமிடம் மட்டுமே கிடைக்கும். துண்டுகள் வேண்டுமென்றால் டிஸ்க்தான் வழி.

படி 4: டிவியைச் சரிசெய்யுங்கள்

கடையிலிருந்து வந்த டிவி கிரிக்கெட்டுக்கும் விளம்பரத்துக்கும் ஏற்றபடி வைக்கப்பட்டிருக்கும். அதில் 1970-ம் வருடப் படத்தைப் போட்டால் நேற்று எடுத்த சீரியல் மாதிரி தெரியும்.

முதலில், பிரேம்களுக்கு நடுவே டிவியே செயற்கைப் பிரேம்களைச் சேர்க்கும் 'மோஷன் ஸ்மூதிங்' என்ற வசதியை அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி என்று பெயர் இருக்கும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் சினிமா அல்லது மூவி மோட். நிற வெப்பநிலை வார்ம். நாய்ஸ் ரிடக்‌ஷன் வகையறா எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறையுங்கள், பல டிவிகளில் பூஜ்யம்தான் இயல்பு நிலை, சோனியில் 50.

அடுத்தது திரை அளவு. படம் பானவிஷன் என்ற அகலத்திரை முறையில் எடுக்கப்பட்டது, அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. 1920-க்கு 1080 அளவுள்ள திரையில் படம் சுமார் 817 வரிகளைத்தான் பிடிக்கும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அது இருக்கவேண்டும். அதை நீக்க 'ஜூம்' போடாதீர்கள். எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்க்ரீன் போட்டால் ஓரங்களும் வெட்டுப்படாது.

பட்டை ஏன் முக்கியம் என்று கேட்டால் கலை இயக்குநர் அலெக்சாந்தர் ட்ரோனரின் வேலையைப் பாருங்கள். லண்டனுக்கு வெளியே பைன்வுட் ஸ்டுடியோவின் திறந்தவெளியில் முழு பேக்கர் தெருவையே அவர் கட்டினார். வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' படத்தில், போகப் போக மேசையும் ஆளும் சிறிதாகிக்கொண்டே போய் முடிவில்லாமல் நீளும் அலுவலகத்தை அமைத்தவரும் அவர்தான். ஹோம்ஸின் வீடான 221பி-யின் உள்ளே ஹோம்ஸ் ஒரு ஓரத்திலும் வாட்சன் மறு ஓரத்திலும் நிற்க, நடுவில் புத்தகங்களும் குடுவைகளும் நிறைந்த அறை தெரியும். பழைய வீடியோ கேசட்டுகளைப் போலச் சதுர டிவிக்காக வெட்டினால் படத்தின் நாற்பது சதவீதத்துக்கு மேல் போய்விடும். இரண்டு நண்பர்களின் கதையில் ஒரு நண்பர்தான் மிஞ்சுவார்.

படி 5: பதிப்பு நல்லதா என்று சோதியுங்கள்

ரெஸ்டோரேஷன் பற்றிப் பேசும்போது 'எவ்வளவு சுத்தமாக இருக்கிறது' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அது தவறான கேள்வி. 'ஃபிலிம் மாதிரி இருக்கிறதா' என்பதே சரியான கேள்வி.

டைட்டில் காட்சியில் தொடங்குங்கள். பெட்டி திறக்கிறது. தூசி தட்டிய கைகள் தொப்பி, பைப், பூதக்கண்ணாடி, 221பி என்ற பலகை, கையெழுத்தில் ஓர் இசைத் தாள் என்று ஒவ்வொன்றாக எடுக்கின்றன. மேலே எழுத்துகள் ஓடுகின்றன. இந்தப் பகுதியில் மற்ற இடங்களைவிடக் கிரெயின் (ஃபிலிமுக்கே உரிய பொடிப் புள்ளிகள்) கூடுதலாகவும் படம் சற்று மங்கலாகவும் தெரிந்தால் டிஸ்க்கைக் குறைசொல்லாதீர்கள். அப்போதெல்லாம் எழுத்தைப் படத்தின் மேல் ஏற்ற ஆப்டிகல் பிரிண்டரில் இன்னொரு நகல் எடுத்தாக வேண்டும். ஒரு தலைமுறை கூடினால் கிரெயினும் கூடும். ஒரு காட்சி மங்கி இன்னொன்று எழும் 'டிஸ்ஸால்வ்' இடங்களிலும் இதே மாற்றம் ஓரிரு நொடி தெரியும். அந்த மாற்றமே தெரியாத அளவுக்கு எல்லாம் வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்படவேண்டும். கிரெயினைத் துடைக்கும் மென்பொருளை யாரோ அதிகமாக ஓட்டியிருக்கிறார்கள். ஹோம்ஸாக நடித்த ராபர்ட் ஸ்டீபன்ஸின் கன்னத்தைப் பாருங்கள். தோலின் துவாரங்களும் ஒப்பனையின் படிவும் தெரியவேண்டும். மெழுகு பொம்மை மாதிரி இருந்தால் அந்தப் பதிப்பு வேண்டாம். ஏஐ கொண்டு பெரிதாக்கிய இணையப் பிரதிகளில் இந்த மெழுகு முகம் தாராளமாகக் கிடைக்கும். இல்லாத விவரத்தை யூகித்து வரைவது மீட்டெடுப்பு ஆகாது.

நிறத்துக்கு வருவோம். ஈஸ்ட்மன் வகை ஃபிலிமில் எடுத்த அக்காலப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும். பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. பழைய பிரிண்டை ஓட்டும்போது ஆகாயமே ரோஜாப்பூ நிறத்தில் தெரிவது இதனால்தான். நெகட்டிவுக்கு நெருக்கமான பிரதியிலிருந்து ஸ்கேன் செய்து, நிறத்தைத் திரும்பச் சமன்படுத்தினால்தான் பழைய நிலைக்கு வரும். ஸ்காட்லாந்துக் காட்சிகளில் சோதியுங்கள். புல் பச்சையாக, லாக் நெஸ் ஏரி ஈயச் சாம்பலாக இருக்கவேண்டும்.

ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோபர் சாலிஸ் இந்தப் படத்தைப் பளிச்சென்று எடுக்கவில்லை. மென்மையான ஒளி, பழுப்பு மரம், விளக்கொளி, மூடுபனி. ஆகவே 'கூர்மை போதவில்லை' என்று விமர்சனம் படித்தால் அப்படியே நம்பவேண்டாம். அதில் பாதி சாலிஸ் விரும்பியது.

இரண்டு சோதனைக் காட்சிகள் சொல்கிறேன். பாலே மேடையில் 'ஸ்வான் லேக்' நடக்கும்போது வெள்ளை உடையின் மடிப்புகள் தெரிகின்றனவா, அல்லது வெளிச்சத்தில் வெந்து ஒரே வெள்ளையாகிவிட்டதா? ஏரியின் மூடுபனியில் கட்டங்கட்டமாகவோ பட்டைப்பட்டையாகவோ தெரிகிறதா? முதலாவது நிறம் சேர்த்தவரின் பிழை. இரண்டாவது டிஸ்க்கில் சுருக்கி அடைத்ததில் வந்த பிழை.

ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேல் வலது மூலையில் ஒரு சிறு வட்டம் கண்சிமிட்டுகிறதா என்றும் பார்க்கலாம். ரீல் மாற்றச் சொல்லி ஆபரேட்டருக்குப் போடும் குறி அது. அகலத்திரைப் படமாதலால் முட்டை வடிவில் இழுபட்டும் தெரியும். இது தெரிந்தால், தியேட்டரில் ஓடிய பிரிண்டிலிருந்தோ அதன் வாரிசிலிருந்தோ எடுத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

படி 6: முதல் தடவை, 125 நிமிடத்தை அப்படியே பாருங்கள்

துண்டுகளைத் தொடாதீர்கள். நிறுத்தாதீர்கள். வெட்டுப்பட்ட பிறகும் இந்தப் படம் தன் காலில் நிற்கிறது. ஹோம்ஸ் தன்னைப் பற்றி வாட்சன் எழுதியதை எல்லாம் குறைசொல்லிக்கொண்டே அறிமுகமாகும் தொடக்கம், ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக வரும் கிறிஸ்டோபர் லீயின் குளிர்ந்த மரியாதை, பெல்ஜியப் பெண்ணாக வரும் ஜெனவியேவ் பாஜின் குடை, கடைசிக் கடிதம் எல்லாம் அதனதன் இடத்தில் வேலை செய்கின்றன. லீ 1962-ல் ஒரு ஜெர்மன் தயாரிப்பில் ஹோம்ஸாகவே நடித்தவர். தம்பியாகவும் அண்ணனாகவும் நடித்தவர் என்பது தெரிந்து பார்த்தால் அவர் வரும் காட்சிகளுக்கு ஒரு தனிச் சுவை.

மாலை வெளிச்சம் போன பிறகு ஆரம்பியுங்கள். பாதிப் படம் நிழலில் நடக்கிறது.

படி 7: இரண்டாம் தடவை, துண்டுகளை இடத்தில் வையுங்கள்

இதை வேறொரு நாளில் செய்யுங்கள். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதே இந்தப் படிதான்.

டிஸ்க்கைப் போட்டவுடன் படத்துக்குப் போகாமல் விடுபட்ட பகுதிகளின் மெனுவுக்குப் போங்கள். வாட்சனின் பேரன் வரும் முன்கதையைத் திரைக்கதையாகப் படியுங்கள். பிறகு படத்தைத் தொடங்குங்கள். பெட்டி திறக்கும் டைட்டில் காட்சி இப்போது வேறு மாதிரி இருக்கும்.

பேக்கர் தெருவில் ஹோம்ஸ் சலிப்பில் தவிப்பதும் கொக்கெயின் ஊசியைத் தேடுவதும் முடியும் இடத்தில் நிறுத்துங்கள். இங்கே 'தலைகீழ் அறை'. அறை விளக்கை அணைத்துவிட்டு, முதல் சுற்றில் கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். வானொலி நாடகம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிது. அறையின் அமைப்பு உங்கள் மனதில் எழட்டும். அப்புறம் திரும்ப ஓட்டிப் புகைப்படங்களையும் பக்கங்களையும் பாருங்கள். இந்த வழக்கின் விடை ஹோம்ஸுக்கும் வாட்சனுக்கும் இடையே உள்ள பாசத்தைப் பற்றியது. ஊசியை விட்டு ஹோம்ஸின் மனதைத் திருப்ப வாட்சன் எவ்வளவு தூரம் போவார் என்பது இதில்தான் இருக்கிறது. படம் முழுக்க ஓடும் அந்தச் சரடு வெளியான பிரதியில் மெலிந்து தெரிவதற்கு இந்த ஒரு வெட்டுதான் முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

பிறகு பாலே அத்தியாயத்தை ஓட்டுங்கள். அது முடிந்து வீடு திரும்பியதும், ஹோம்ஸின் வாழ்வில் பெண்கள் உண்டா என்று வாட்சன் தயங்கித் தயங்கிக் கேட்பார். ஹோம்ஸின் பதிலைக் கேட்டபின் நிறுத்துங்கள். இங்கே 'தேனிலவுத் தம்பதி'. ஒலி இல்லாத படம், கீழே வசனம். இதைப் பின்னணி இசை எதுவும் சேர்க்காமல் பாருங்கள். பிளேக்லி எவ்வளவு நல்ல நடிகர் என்று ஒலி இல்லாதபோதுதான் தெரிகிறது. தன்னாலும் துப்பறிய முடியும் என்ற பெருமை, கப்பல் அறைக்குள் நுழையும்போது அவர் தோளில் இருக்கிறது. வேடிக்கைக்காக எழுதப்பட்ட அத்தியாயம்தான். ஆனாலும் வாட்சனுக்கென்று படத்தில் இருந்த ஒரே வழக்கு இது. அதை எடுத்துவிட்டதால் அவர் துணைப் பாத்திரமாகச் சுருங்கிவிட்டார்.

அடுத்து வண்டிக்காரர் ஒரு பெண்ணைக் கதவருகே கொண்டுவந்து நிறுத்துவார். இங்கிருந்து நிறுத்தாமல் போங்கள். ஸ்காட்லாந்து ரயில் காட்சி வந்ததும் ஆக்ஸ்ஃபோர்டு நினைவைச் சேருங்கள். பெண்களை ஹோம்ஸ் ஏன் நம்புவதில்லை என்பதற்கு வைல்டர் கொடுத்த விளக்கம் அதில் இருக்கிறது. அது இல்லாமலும் ஸ்டீபன்ஸ் அந்த வலியை முகத்தில் காட்டிவிடுகிறார் என்பதால், எல்லா வெட்டுகளிலும் இந்த ஒன்றை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

படம் முடிந்தபின் லெஸ்ட்ரேட் வரும் பின்கதை. இதை உடனே பார்க்காதீர்கள். படத்தின் இப்போதைய முடிவு அவ்வளவு நேர்த்தியானது. கொஞ்ச நேரம் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

நிறுத்தும் இடங்களின் நேரத்தை ஒரு தாளில் குறித்து டிஸ்க் உறைக்குள் வைத்துவிட்டால் வீட்டில் அடுத்துப் பார்ப்பவருக்கும் உதவும். எடிட்டர் எர்னெஸ்ட் வால்டரின் பேட்டியும் டிஸ்கில் இருக்கிறது. கத்தரியைப் பிடித்தவரே பேசுகிறார், தவறவிடாதீர்கள்.

படி 8: காதுக்கும் வேலை கொடுங்கள்

இசையமைப்பாளர் மிக்லோஷ் ரோஜா ஏற்கெனவே எழுதிய வயலின் கச்சேரி வைல்டருக்குப் பிடித்துப்போய், அதன் அடிப்படையிலேயே இந்தப் படத்துக்கு இசை அமைக்க ரோஜாவிடம் சொன்னார். 1950-களில் வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸுக்காக எழுதப்பட்டது அந்தக் கச்சேரி. ஹோம்ஸ் வயலின் வாசிப்பவர் என்பதால் இது கச்சிதமாகப் பொருந்திப்போனது. பாலே காட்சியில் வாத்தியக் குழுவை நடத்துகிறவராகத் திரையில் தெரிபவரும் ரோஜாவேதான்.

படம் வெளியானது மோனோ ஒலியில். ரிசீவரிலோ சவுண்ட்பாரிலோ சரவுண்ட் மாயங்களை அணைத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கரில் கேளுங்கள். ஐந்து பக்கமும் சத்தத்தைப் பரப்பினால் வயலின் அறையெங்கும் அலைந்து, பேச்சு குகைக்குள் கேட்பது மாதிரி ஆகிவிடும். முதல் பார்வைக்கும் இரண்டாம் பார்வைக்கும் நடுவே ஹைஃபெட்ஸ் வாசித்த கச்சேரிப் பதிவை ஒருமுறை கேட்டு வைத்துக்கொண்டால், படத்தில் அந்த மெட்டு எப்போதெல்லாம் திரும்பி வருகிறது, யாருக்காக வருகிறது என்பது தானே பிடிபடும்.

படி 9: 'கிடைத்துவிட்டது' என்ற செய்தி வந்தால்

இந்தப் படத்தின் தொலைந்த ரீல்களைத் தேடுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவ்வப்போது வதந்தி கிளம்பும். 2016-ல் உண்மையாகவே ஒன்று கிடைத்தது, ஆனால் ரீல் அல்ல. லாக் நெஸ் ஏரியின் அடித்தளத்தை ஒரு நீரடி ரோபோ அளந்தபோது, இந்தப் படத்துக்காக ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் வாலி வீவர்ஸ் செய்த முப்பதடி 'லாக் நெஸ் அரக்கன்' பொம்மை தென்பட்டது. 1969 படப்பிடிப்பில், முதுகுத் திமில்கள் வேண்டாம் என்று வைல்டர் சொன்னதால் அவற்றைக் கழற்றினார்கள். மிதக்கும் தன்மை போய் அது மூழ்கிவிட்டது. பொம்மை கிடைத்துவிட்டது, காட்சிகள் இன்னும் கிடைக்கவில்லை.

ஆகவே புதிய பதிப்பு அறிவிப்பு வந்தால் முதலில் ஓட்ட நேரத்தைப் பாருங்கள். 125 நிமிடம் என்றால் அதே படம்தான், ஸ்கேன் மட்டும் புதிது. அது கெட்ட செய்தி இல்லை, ஆனால் பழைய டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு வாங்க அவசரமும் இல்லை. அடுத்து, எந்தப் பிரதியிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள்: மூல நெகட்டிவா, அதிலிருந்து நேராக எடுத்த நகலான இன்டர்பாசிட்டிவா, தியேட்டரில் ஓட்டும் பிரிண்டா. வெறுமனே '4கே' என்று மட்டும் போட்டிருந்தால் அது ஸ்கேனின் அளவைச் சொல்கிறது, எதை ஸ்கேன் செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. விடுபட்ட வழக்குகள் புதிய டிஸ்கிலும் தொடர்கின்றனவா என்பதையும் கேளுங்கள். புதிய பதிப்புகளில் பழைய இணைப்புகள் சத்தமில்லாமல் உதிர்ந்துபோவது வழக்கம். அப்படி உதிர்ந்திருந்தால் பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் புதியதோடு சேர்த்தே வையுங்கள், வெயில் படாத அலமாரியில், நிமிர்த்தி.